ஆங்கில வாய்மொழித் தேர்வும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் ஏறுகின்றவர்கள் கழகத்தின் வரலாற்றைச் சொல்வது மரபு. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதி வாய்ந்தோர் இங்கு வீற்றிருக்கின்றனர். செயலாளர் அவர்கள் எனக்கு இட்ட பணி வேறு. "ஐயா, நம் பிள்ளைகள் சிலர் அயல்நாடு செல்வதற்கான ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டுகின்றனர். படிப்பதிலும் எழுதுவதிலும் ஒருவாறு தேறிவிடுகின்றனர். நேரில் உட்கார்ந்து பேசும் பகுதியில்தான் மதிப்பெண் போய்விடுகிறது. நீங்கள் பள்ளிக்கூடத்து மனிதர், இதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். கல்விக் கழகத்தின் விழாவில் இதைவிடப் பொருத்தமான பேச்சு வேறு இராது என்று நானும் உடன்பட்டேன்.

தேர்வு இன்னதென்று தெரியாத பெற்றோர்க்காக முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் இத்தேர்வு 1989 முதல் அப்பெயரில் நடந்து வருகிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண். தேர்ச்சி, தோல்வி என்று இதில் கிடையாது. எந்தக் கல்லூரி, எந்த வேலை என்பதைப் பொறுத்து ஆறோ, ஆறரையோ, ஏழோ கேட்பார்கள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள இத்தேர்வின் வழியாகச் செல்லும் நம் தங்கை ஒருத்தி, பேச்சில் 7 வாங்கியாக வேண்டும். கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பிக்கு அது ஏறத்தாழ ஒரு மாத ஊதியம். வாங்கிய மதிப்பெண்ணோ இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஆகவே, "போய்த்தான் பார்ப்போமே" என்று போய்ப் பார்க்கத் தக்க தேர்வன்று இது.

பேச்சுப் பகுதி 11 நிமிடம் முதல் 14 நிமிடம் வரை நடைபெறும். எதிரே ஒரே ஒரு தேர்வாளர். பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும். முதல் நான்கைந்து நிமிடம் உங்கள் ஊர், வீடு, படிப்பு, வேலை, பொழுதுபோக்கு ஆகியவற்றைப் பற்றிய எளிய கேள்விகள். அடுத்து, ஒரு சீட்டைக் கையில் தருவார்கள். அதில் ஒரு பொருளும், அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய மூன்று நான்கு குறிப்புகளும் இருக்கும். ஒரு நிமிடம் சிந்திக்கலாம்; தாளும் பென்சிலும் தருவார்கள். பின்னர் ஒன்று முதல் இரண்டு நிமிடம் தடையின்றிப் பேச வேண்டும். இறுதி நான்கைந்து நிமிடம், அதே பொருளை ஒட்டிச் சற்று ஆழ்ந்த கேள்விகள்: உங்கள் கருத்து என்ன, காரணம் என்ன, முன்பு எப்படி இருந்தது, இனி எப்படி ஆகும் என்பன போன்றவை.

இதில் நம் பிள்ளைகள் எங்கே இடறுகின்றனர்? செய்வினை, செயப்பாட்டுவினை தெரியாமல் இடறுகின்றனர் என்று பலரும் நினைக்கின்றனர். நான் அப்படி நினைக்கவில்லை. மிகவும் எளிதான முதல் கேள்வியிலேயே இடறுகின்றனர். "உங்கள் ஊர் எது? அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான் அந்தக் கேள்வி.

பள்ளி முடிந்தபின் என் அறையில் சில பிள்ளைகளை உட்கார்த்திவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். திருவாலங்காட்டுப் பிள்ளை ஒருவன், "ஐ ஆம் ஃப்ரம் சென்னை. சென்னை இஸ் எ பியூட்டிஃபுல் சிட்டி" என்று தொடங்குகிறான். மெரீனா கடற்கரை உலகின் நீளமான கடற்கரைகளுள் ஒன்று என்கிறான். கோவில்கள் பல உள்ளன என்கிறான். எல்லாம் பயிற்சிப் புத்தகத்தில் உள்ளவை. "தம்பி, நீ மெரீனாவுக்கு எத்தனை முறை போயிருக்கிறாய்?" என்று கேட்டால் விழிக்கிறான். "மெரீனாவில் மாலையில் என்ன செய்வாய்?" என்று ஆங்கிலத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டால் வாயே திறப்பதில்லை. புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை அல்லவா? தேர்வாளர்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். மனப்பாடம் என்று தெரிந்தவுடன் கேள்வியைத் திருப்பிவிடுவார்கள். ஆறு மாதம் உருப்போட்டது ஆறு நொடியில் பயனற்றுப் போகும்.

தன் ஊரைச் சொல்லாமல் சென்னையை ஏன் சொல்கிறான்? ஆங்கிலம் வாராமையாலா? இல்லை. ஊர்ப்பெயரைச் சொன்னால் அடுத்ததாக, "எந்தத் தெரு?" என்று கேட்பார்களோ என்னும் அச்சம் அவன் நெஞ்சில் இருக்கிறது. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் கேட்டார். வாடகை வீடு தேடியபோது வீட்டுக்காரர் கேட்டார். தொழிற்சாலை உணவுக்கூடத்தில் உடன் உண்பவன் கேட்டான். ஊரின் பெயரைக் கேட்பது சாதியின் பெயரைக் கேட்பதற்கு முன்னுரை என்பதை நம் பிள்ளைகள் சிறுவயதிலேயே அறிந்துகொள்கின்றனர். ஆகவே அந்தக் கேள்வி எந்த மொழியில் வந்தாலும், விடை உண்மையாக வருவதற்கு முன் மனம் ஒரு சுவரைத் தேடி ஒளிந்துகொள்கிறது. மறைப்பதற்கும் மூளை உழைக்க வேண்டும், ஆங்கிலத்திற்கும் உழைக்க வேண்டும் என்றால், பாவம், அந்த மூளை எத்தனை வேலைதான் செய்யும்!

இது இன்று நேற்று வந்த அச்சமன்று. செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நீங்கள் அறிவீர்கள். அவர் 1939-இல் வெளியிட்ட தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலில், கோயம்புத்தூரில் தாம் படித்த நாளை நினைவுகூர்கிறார். ஏறத்தாழ நானூறு மாணவரில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பார்ப்பனப் பிள்ளைகள். அவர்களோடு பழகினால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனியாக அமர்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். நண்பர்களே, இருப்பிடம் தெரிந்துவிடுமே என்பதுதான் அச்சம்! மெரீனாவைப் பற்றிப் பேசும் நம் திருவாலங்காட்டுத் தம்பியின் அதே அச்சம், நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது.

ஆனால் அந்தச் சிறுவன் அங்கேயே நின்றுவிடவில்லை. 1893-ஆம் ஆண்டில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயர் 'பறையன்'. பள்ளியில் எதை மறைத்தாரோ, அதையே முகப்பில் அச்சிட்டார். பின்னர் தென்னாப்பிரிக்கா சென்று அங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1930-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் இலண்டனில் வட்டமேசை மாநாடு தொடங்கியபோது, அண்ணல் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளராக அமர்ந்திருந்தார். இவர் எங்கிருந்து வந்தவர், யாருக்காக வந்தவர் என்பது அந்த அவையில் அனைவர்க்கும் தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகவே சென்றார்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் நம் தலைப்புக்கு நேரான நிகழ்ச்சிகள் உண்டு. 1919 சனவரியில் வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழுவின் முன் அவர் சான்றுரைத்தபோது அவருக்கு வயது 27. 1928 அக்டோபர் 23-ஆம் நாள் புனேயில் சைமன் குழுவின் முன் அமர்ந்து கேள்விகளுக்கு நேரில் விடையளித்தார். அக்குழுவின் உறுப்பினருள் ஒருவரான அட்லி, பின்னாளில் பிரிட்டனின் பிரதமர் ஆனவர். மகாராட்டிர அரசு 1982-இல் வெளியிட்ட அம்பேத்கர் நூல்தொகையின் இரண்டாம் தொகுதியில் அந்த விசாரணை கேள்வியும் விடையுமாக அப்படியே அச்சாகி உள்ளது. ஆங்கிலப் பேச்சுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிற பிள்ளைகளை நான் அந்தப் பக்கங்களுக்குத்தான் அனுப்புவேன். கடைகளில் விற்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' நூல்களைவிட அது பயன்தரும். பெரிய பெரிய சொற்களுக்காக அன்று. கேட்டதற்கு நேராக விடை, அதன்பின் காரணம் என்று அவர் பேசும் அந்த ஒழுங்குக்காக. எதிரே இருப்பவர் பிரபு என்பதால் குரல் தாழவும் இல்லை, தேவையின்றி உயரவும் இல்லை. அது மாதிரி.

இப்போது, விடை முதலில், காரணம் பின்னர் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் தமிழில் நாம் பேசும் வழக்கம் வேறு. "நேற்று மழை பெய்ததால், ஏரிக்கரை வழி சேறாக இருந்ததால், சைக்கிளை வைத்துவிட்டு நடந்து வந்தேன்" என்கிறோம். காரணங்களெல்லாம் முன்னே வர, வினைமுற்று கடைசியில் வருகிறது. தமிழில் அது அழகு. அதையே ஆங்கிலத்தில் செய்ய முயன்றால், காரணத்திலேயே மூச்சு முடிந்து, சொல்ல வந்த செய்தி சொல்லப்படாமலேயே நின்றுவிடும். "நடந்து வந்தேன்" என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மழையும் சேறும் பின்னால் வரட்டும். இந்த ஒரு மாற்றத்தைப் பழகிக்கொண்ட பிள்ளைகளிடம் இரண்டு மூன்று வாரங்களில் பெரிய வேறுபாட்டைக் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் நம்மைக் கெடுக்கிறது. அதிகாரியின் எதிரே நின்றால் நம் பிள்ளைகள், "ஆமாம் சார்", "இல்லை சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். இது அவர்கள் கற்றதன்று. பாட்டனும் பூட்டனும் விட்டுச் சென்றது. பண்ணையார் முன் பேச்சை நீட்டியவன், "எதிர்த்துப் பேசுகிறாயா?" என்று அடி வாங்கிய காலம் இருந்தது. வாயை மூடிக்கொண்டதால் அவர்கள் உயிர் பிழைத்தனர். அவர்களைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் இந்தத் தேர்வு அறையில் நிலைமை முற்றிலும் தலைகீழ். அங்கே ஒருவர், உங்களிடம் கருத்துக் கேட்பதற்கென்றே ஊதியம் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். நீங்கள் பேசாவிட்டால் அவருக்கு மதிப்பெண் போட வழியில்லை. "உனக்குத் தேநீர் பிடிக்குமா?" என்று கேட்டால், "யெஸ்" என்பது விடையன்று. பிடிக்கும், ஏனென்றால் இரவுப் பணி முடிந்து நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கியவுடன் நிலையத்தடிக் கடையில் ஒரு தேநீர் குடித்தால்தான் வீடுவரை நடக்கக் கால் வரும் என்றால், அது விடை.

மதிப்பெண் எப்படி இடுகின்றனர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நான்கைப் பார்க்கின்றனர்: தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்கிற்கும் சமமான பங்கு. உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் இல்லை. நீங்கள் சொல்வது உண்மையா என்று யாரும் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கப் போவதில்லை. அப்படியிருக்க உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன்? அரிச்சந்திரன் ஆவதற்காக அன்று. உண்மைக்குச் சொல் தானே வரும். கற்பனைக்குச் சொல்லைத் தேட வேண்டும். அவ்வளவே.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கடைசல் எந்திரம் ஓட்டும் தம்பி ஒருவனிடம், "நீ பயன்படுத்தும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்" என்று சீட்டை நீட்டினேன். செல்பேசியைப் பற்றிப் பேச முற்பட்டான். முப்பது நொடியில் சரக்கு தீர்ந்தது. "உன் எந்திரத்தைப் பற்றிச் சொல்" என்றேன். இரண்டு நிமிடம் போதவில்லை. இரும்பை எப்படிப் பொருத்துவது, எந்த வேகத்தில் சுழற்றுவது, கைச்சட்டையை ஏன் மடித்துவிட வேண்டும், சுருள்சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் ஏன் தொடக்கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. காலப் பிழைகள் இருந்தன. ஒருமை பன்மை தடுமாறியது. ஆயினும் அது பேச்சு. செல்பேசியைப் பற்றிச் சொன்னது ஒப்பித்தல்.

கரும்பு வெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு நம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தைப் பற்றிச் சொல்லத் தெரியும். சூளையில் பெற்றோரோடு இருந்த பிள்ளைக்குச் செங்கல் எத்தனை நாள் காய வேண்டும் என்பது தெரியும். அரக்கோணம் மின்தொடர் வண்டியில் நின்றுகொண்டே மூன்றாண்டு கல்லூரிக்குப் போன தங்கைக்கு, 'ஒரு பயணம்' என்ற சீட்டு வந்தால் வேறு ஊர் எதற்கு? நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தின சபை என்று போற்றப்படும் ஆலயமும், காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய தலம் என்னும் பெருமையும் இவ்வூருக்கு உண்டு. 1905-இல் இங்கே கிடைத்த செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. சோழர் வரலாற்றை எழுதுவோர்க்கு அவை இன்றியமையாதவை. இவற்றைச் சொல்ல நமக்கு உரிமை இல்லையா? உண்டு. அதே மூச்சில் நம் குடியிருப்பையும், அதன் நடுவில் உள்ள இந்தப் படிப்பகத்தையும், அம்பேத்கர் பிறந்தநாளில் இங்கு நடக்கும் ஓட்டப் பந்தயத்தையும் சொல்லவும் உரிமை உண்டு. சாதியைச் சொல் என்று அந்தத் தேர்வாளர் கேட்க மாட்டார். நீங்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஊரை மட்டும் ஒளிக்காதீர்கள்.

உச்சரிப்பைப் பற்றி வீண் கவலை வேண்டா. வெள்ளைக்காரரைப் போல மூக்கால் பேச வேண்டும் என்று சில பயிற்சி நிலையங்களில் சொல்லித் தருகின்றனராம். தமிழரின் குரல் தமிழரின் குரலாக இருப்பதற்காக மதிப்பெண் குறைவதில்லை. கேட்பவர்க்கு எளிதில் விளங்க வேண்டும், அதுவே அளவுகோல். ஆனால் நம் நாவுக்கே உரிய சில பழக்கங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். மெய்யில் முடியும் சொல்லோடு ஓர் உகரத்தைச் சேர்த்து 'பஸ்ஸு' என்கிறோம். முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து 'இஸ்கூல்' என்கிறோம். 'எக்' என்னும் முட்டையை 'யெக்' ஆக்குகிறோம். ஒரே பகர எழுத்தைக் கொண்டு இரண்டு ஒலிகளையும் எழுதுவதால், கரடியும் பேரிக்காயும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. இன்னொன்று, ஆங்கிலச் சொல்லில் ஏதேனும் ஓர் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் அத்தகைய அழுத்தம் இல்லாமையால் நாம் எல்லா அசைகளையும் சமமாக ஒலித்துவிடுகிறோம். செல்பேசியில் உள்ள அகராதியே சொல்லை ஒலித்துக் காட்டுகிறது. நாளைக்குப் பத்துச் சொல் என்று கேட்டுப் பழகினால் போதும்.

இந்த மண்ணின் நாவுக்கு ஆங்கிலம் ஒத்துவராது என்பார்க்கு ஒரு செய்தி. நம் அடுத்த ஊராகிய திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருக்குத் திறந்திருந்த கதவுகள் அக்காலத்தில் நம் முன்னோர்க்குத் திறந்திருக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. மண்ணின் மேல் பழி வேண்டா என்பதற்காகவே சொன்னேன்.

மேலும், நாம் ஒரு மொழிக்காரர்களா? திருத்தணி வட்டம் 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நம் கடைவீதியில் பாதிப் பேச்சு தெலுங்கில் நடக்கிறது. நம் பாட்டிமார் பலர் எழுத்தறியாமலே இரண்டு மொழியும் பேசினர். இன்றைய தம்பிகளோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளரோடு ஒரே எந்திரத்தில் நின்று ஆறே மாதத்தில் இந்தி பேசுகின்றனர். அதற்கு எவர் இலக்கணம் சொல்லித் தந்தார்? பேச வேண்டியிருந்தது, பேசினர். ஆங்கிலத்தை மட்டும் நாம் தேர்வுத் தாளாகவே கண்டு வந்துள்ளோம். ஆகையால் அதைக் கண்டால் கை வியர்க்கிறது.

இனிப் பயிற்சி முறை. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. மூன்று பேர் வேண்டும்; ஒரு கடிகாரம் வேண்டும்; ஒலிப்பதிவு செய்ய ஒரு செல்பேசி வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் விடை சொல்ல, மூன்றாமவர் வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். பேசும்போது நடுவில் திருத்தக் கூடாது. சிரிக்கக் கூடாது, சிரித்தவர் அடுத்த வாரம் வரவேண்டா என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்தபின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, தாம் பேசியதைச் சொல்லுக்குச் சொல் தாமே எழுதிப் பார்க்க வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் ஆசிரியர் பத்து முறை சொல்லியும் உறைக்காத பிழை, தன் குரலில் தானே கேட்கும்போது ஒரே முறையில் உறைக்கும். 'ஹி கோ' என்று சொல்லிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அடுத்த நாள் அதே சீட்டை மீண்டும் பேச வேண்டும். எழுதியதை ஒப்பித்தல் கூடாது, குறிப்புச் சொற்கள் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகப் பேச வேண்டும்.

கேள்வி விளங்காவிட்டால் திரும்பச் சொல்லும்படி கேட்கலாம், அதனால் குற்றமில்லை. இதையும் பழக வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகளுக்கு இதுவும் துணிவு வேண்டிய செயல்! விளங்காத கேள்விக்குத் தலையாட்டி எதையோ சொல்வதைக் காட்டிலும், "பார்டன் மீ, குட் யூ ரிப்பீட் தட்?" என்று நிமிர்ந்து கேட்பது மேல். இரண்டாம் பகுதியில் பேசிக்கொண்டிருக்கும்போதே தேர்வாளர் கையை உயர்த்தி நிறுத்துவார். இரண்டு நிமிடம் ஆயிற்று என்று மட்டுமே அதற்குப் பொருள். கோபம் என்று எண்ணிக் கலங்க வேண்டா.

செவிலியர் படிப்பு முடித்த தங்கைகளுக்குத் தனியே ஒரு சொல். ஓ.இ.டி. என்ற மற்றொரு தேர்வும் உங்களுக்கு உண்டு. அதில் நோயாளியிடம் செவிலியர் பேசுவது போன்ற உரையாடல் இரண்டு வைக்கின்றனர். ஒவ்வொன்றிற்கும் மூன்று நிமிட ஆயத்தம், ஐந்து நிமிடப் பேச்சு. ஊசிக்கு அஞ்சும் முதியவரைத் தேற்றுவது, மருந்தை நிறுத்திவிட்டவருக்கு எடுத்துச் சொல்வது என்பன போன்ற சூழல்கள். திருவள்ளூர் மருத்துவமனையில் நாள்தோறும் தமிழில் நீங்கள் செய்கின்ற வேலைதான் இது. அங்கே, "ஆயா, பயப்படாதீங்க" என்று தொடங்குகிறீர்களே, அந்தக் கனிவு ஆங்கிலத்திலும் முதலில் வர வேண்டும். பாடப்புத்தகத்து மருத்துவச் சொல் பின்னால் வந்தால் போதும். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: பெண் பிள்ளை கையில் செல்பேசியை வைத்துக்கொண்டு தனியே ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தால் ஐயுறாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவளுக்கு அடுக்களை வேலையிலிருந்து விடுப்புக் கொடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாட்கோ நிறுவனம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்க்கு இத்தகைய தேர்வுகளுக்கான பயிற்சியைக் கட்டணமின்றி அளித்து வந்துள்ளது. அயல்நாட்டில் மேற்படிப்புக்கு, தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. அறிவிப்புகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன, விதிகள் மாறும். அவற்றைப் பார்த்து இந்தப் படிப்பகத்தின் பலகையில் ஒட்டுவதைக் கழகம் ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரை வாசற்படி ஏற விடாதீர்கள். மதிப்பெண்ணைக் கல்லூரியும் தூதரகமும் நேரடியாகச் சரிபார்க்கின்றன. அவர் பணத்தோடு போய்விடுவார், மாட்டிக்கொள்வது பிள்ளை. மதிப்பெண் குறைவாக வந்துவிட்டது, நன்றாகவே பேசினோம் என்று உறுதியாகத் தோன்றினால் மறுமதிப்பீடு கேட்கலாம், ஒலிப்பதிவு இருக்கிறது. மதிப்பெண் மாறினால் அதற்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

போகிறவர்கள் எல்லாரும் போய்விட்டால் ஊர் என்னாவது என்று பெரியவர் ஒருவர் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார். ஞாயமான கேள்வி. எல்லாரும் போகப் போவதில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல், வங்கியில் நேர்காணல், உயர்நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞராக முதல்நாள் எழுந்து நிற்பது, இவை யாவும் இதே வாய்மொழித் தேர்வுதான். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதாமலே ஊரிலேயே இருக்கப் போகிறவரும் இந்தப் பயிற்சியில் உட்காரலாம்.

இறுதியாக ஒரு ஏற்பாடு. செயலாளரிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு முதல் மாலை ஆறு மணிக்கு இந்தப் படிப்பகத்தின் பின்னறை நமக்கு. இரவுப் பணிக்குச் செல்வோர்க்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பு. ஐம்பது சீட்டுகள் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை நம் ஊரிலேயே விடை உள்ளவை. முதல் வாரம் சீட்டுக் கிடையாது. ஒரே கேள்விதான். உங்கள் ஊர் எது, அதைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.